மலைக்குப் போன குளியல் தொட்டி

ஒரு திங்கட்கிழமை காலை, என் மனைவி மக்களை மலைக்கு அழைத்துப் போவது என்று தீர்மானித்தேன். மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். அரிசி இல்லை. உப்பு இல்லை. போட்டுக்கொள்ளத் துணி இல்லை. ஆனாலும் தீர்மானித்தேன். தீர்மானத்துக்குப் பங்கீடு கிடையாது.

மலைக்குப் போவது துரைமார் வழக்கம். எங்கள் தோட்டம் சிரம்பானுக்குக் கிழக்கே மலையடியில் இருக்கிறது. மலைமேல் துரைக்கு ஒரு பங்களா. வருஷம் ஒருமுறை அவர் குடும்பத்தோடு பத்து நாள் தங்கிவிட்டு வருவார். சிறு பையனாக, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன். முன்னால் துரை. பின்னால் துரைசானி. அப்புறம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆயா. கடைசியில் ஆறு கூலிகள். ஆறாவது கூலியின் தலையில் ஒரு பெரிய தகரக் குளியல் தொட்டி. ஒரு வருஷம் அந்த ஆறாவது கூலி என் அப்பா.

அன்றைக்கே முடிவு செய்தேன். நான் தொட்டியில் குளிக்கிறவனாக ஆவேன், தொட்டி தூக்குகிறவனாக ஆகமாட்டேன். அந்த ஒரே வைராக்கியத்தில் மதராசுக்குப் போய் பி.ஏ. முடித்தேன். எங்கள் லயத்தில் முதல் பி.ஏ. நான்தான். திரும்பி வந்து அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியானேன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். அந்தக் கொத்தில் மலை பங்களாவின் சாவியும் இருந்தது.

இதெல்லாம் தீர்மானத்தின் அழகான பாதி. மற்ற பாதியையும் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்ல எனக்கு வராது.

அன்று காலைத் தபாலில் சிரம்பான் ஆபீசிலிருந்து ஒரு மஞ்சள் உறை வந்தது. உள்ளே இருந்த கடிதத்தை இரண்டு முறை நின்றுகொண்டு படித்தேன். மூன்றாவது முறைக்கு நாற்காலி தேவைப்பட்டது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். பன்னிரண்டு பேரின் பெயர்கள் இணைப்பில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் லாரி வரும். அதுவரை ஆட்களிடம் மூச்சு விடக்கூடாது. ஆட்களின் பெயர்ப் பதிவைப் பார்த்துக்கொள்ள, அன்று தோட்டத்தில் இருக்கும் கிராணி ஒருவரும் கூடவே போக வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரே கிராணி. இதற்கு முன்னால் இரண்டு லாரி போயிருக்கிறது. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

நாலாவது முறை படித்தபோது ஒரு வெளிச்சம் தெரிந்தது. ‘அன்று தோட்டத்தில் இருக்கும் கிராணி.’ இல்லாவிட்டால்? வெள்ளிக்கிழமை நான் தோட்டத்தில் இல்லாமல் மலையில் இருந்தால் கடிதம் என்னைப் பற்றியதே இல்லை. இதில் பொய் எங்கே இருக்கிறது? கடிதத்தை வரிக்கு வரி மதித்து நடப்பவன் நான். பன்னிரண்டு பேருக்கு என்ன வழி என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு என்னிடம் சாவி இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனேன். மங்கம்மா மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

“வியாழக்கிழமை நாம எல்லாரும் மலைக்குப் போறோம்” என்றேன்.

“சரிங்க.”

அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆறு வருஷ தாம்பத்தியத்தில் மங்கம்மா ஒரு தடவைகூட முதல் பேச்சிலேயே ‘சரிங்க’ சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்துக்கே மூன்றாவது தடவைதான் சரி சொன்னாள்.

“ஏன்னு கேக்கலையா?”

“ஏங்க?”

“தம்பி ஆறுமுகத்துக்குக் கக்குவான் இருமல். மலைக்காத்து பட்டா நல்லதுன்னு ஆஸ்பத்திரி டிரெசர் சொன்னாரு.”

“அவரு சொல்லி மூணு மாசமாச்சே.”

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

“தபால் வந்த கையோட ஞாபகம் வந்துச்சாக்கும்.”

“தபாலுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம்?”

“அதைத்தான் நானும் யோசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுக் கிழங்கின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிழங்கின் தோல் ஒரே சுருளாக நீளமாக வந்தது. அவள் எதையாவது தீவிரமாக யோசிக்கும்போதுதான் தோல் அறுபடாமல் வரும்.

அந்த நிமிஷம் முதல் நான் அவளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

செவ்வாய்க்கிழமை அரிசி அளக்கிற நாள். பால் டின்னால் அளப்பது எங்கள் வழக்கம். நான் அரிசி அளப்பேன். பக்கத்தில் மங்கம்மா உப்புக் கிள்ளிப் போடுவாள். ஒவ்வொருவராகச் சாக்கை விரித்துக்கொண்டு வருவார்கள். டின்னின் தலையைக் கையால் தட்டிச் சமப்படுத்திக் கொட்டுவேன். ஒரு மணி கூடாது, குறையாது. தோட்டம் முழுக்க என் நேர்மைக்குப் பேர் உண்டு. என் அளவைப் பற்றித் திட்டாத ஆளும் கிடையாது.

அன்று என் கை சரியில்லை. சிலர் வந்து நின்றபோது டின்னின் தலையைத் தட்டவே தோன்றவில்லை. நல்லசாமி வந்தான். அவனுக்குக் கைக்குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. டின் கோபுரமாகவே அவன் சாக்கில் போய் விழுந்தது.

“கிராணியாரே, உடம்புக்கு எதும் முடியலையா?” என்று அவன் பயந்துபோய்க் கேட்டான்.

மாலையில் மங்கம்மா கேட்டாள்: “இன்னைக்கு உங்க கை ரொம்ப தாராளமா இருந்துச்சே?”

“வேர்வையில டின் வழுக்குச்சு.”

“எல்லாருக்கும் வழுக்கலியே” என்றாள். விளக்கை ஏற்றப் போய்விட்டாள். அதோடு விட்டதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அதன்பிறகு கேள்விகள் தொடங்கின.

“பங்களாவுல எத்தனை ரூம்?”

“ரெண்டு. ஒரு வராந்தா.”

“வராந்தா நீளமா?”

“நம்ம வராந்தா மாதிரி மூணு மடங்கு.”

“அடுக்களை உள்ளயா, வெளியவா?”

“வெளிய. காட்டை ஒட்டின மாதிரி. எதுக்குக் கேக்கிற?”

“பிள்ளைங்களோட போறோம். கேக்கணுமில்ல? ஏங்க, வழியை ஒரு தாள்ல வரைஞ்சு குடுங்களேன். புரிஞ்சுக்கிறேன்.”

படித்தவனிடம் படம் வரையச் சொன்னால் பெருமைதான் முதலில் வரும், சந்தேகம் அப்புறம்தான். ஓடை, மூங்கில் புதர், ரோட்டில் ஜப்பான்காரனின் காவல் சாவடி, எல்லாவற்றையும் அளவு பிசகாமல் வரைந்து கொடுத்தேன். புதன்கிழமை காலை படத்தைக் காணோம். மத்தியானம் மேசைமேலேயே இருந்தது. ஓரத்தில் வெற்றிலைக் காவி. மங்கம்மா வெற்றிலை போடமாட்டாள். போடுகிறவள், கூலிகளை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசியின் மனைவி முத்தாயி.

புதன்கிழமை மூட்டை கட்டும் படலம். துரை விட்டுப்போன குறிப்புப் புத்தகத்தில், குழந்தைகளோடு மலைக்குப் போகத் தேவையான சாமான்களின் பட்டியல் இருந்தது. மருந்துப் பெட்டி, கொசுவலை, கட்டில், கிராமபோன், பால் டின், குளியல் தொட்டி. எல்லாம் தோட்டத்திலிருந்த துரையின் பங்களாக் கிடங்கில் இருந்தன. மங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“துரை பட்டியல்ல எத்தனை சுமை?”

“ஆறு.”

“நமக்கு அது காணாது.”

“அவருக்கும் ரெண்டு பிள்ளை, நமக்கும் ரெண்டு பிள்ளை!”

“அவரு பிள்ளைங்க பிஸ்கட் தின்னும். நம்ம பிள்ளைங்க கிழங்கு தின்னும். கிழங்கு கனம்லா.”

கிழங்கு மூட்டை இரண்டு சேர்ந்தது. கருவாட்டுக் கூடை ஒன்று சேர்ந்தது. பெரிய சோற்றுப் பானை சேர்ந்தது. கோழிக் கூண்டு சேர்ந்தது. அடுத்து அவள் வீட்டுக்குப் பின்னால் போய் அம்மியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“அம்மி எதுக்கு?”

“அரைக்கத்தான்.”

“மலையில கல் இல்லியா?”

“இருக்கும். அதைக் கொத்தி வச்சிருப்பாங்களா?”

பன்னிரண்டாவது சுமையோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் ஒரு துரும்புகூடச் சேர்க்கவில்லை. நான் சும்மா சோதித்துப் பார்க்க, “குடை எடுத்துக்கலாமா?” என்று கேட்டேன்.

“வேணாங்க. போதும்.”

மழைக்காலத்தில் மலைக்குப் போகிறோம். அம்மி வேண்டும், குடை வேண்டாமாம். அவள் குளிக்கப் போன நேரத்தில், கொசுவலையோடு சேர்த்துக் கட்டியிருந்த பாய்க்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். எங்கள் நாலு பாய்க்கு மேலே இரவல் பாய்கள் பன்னிரண்டு.

அப்போதுதான் எல்லாம் துலங்கியது. கோலா சாவா! அவள் பிறந்த வீடு அந்த ஊரில்தான். அவள் அம்மா ஒருத்தி. அண்ணன்மார் மூன்று பேர். அண்ணிமார் மூன்று பேர். அவர்கள் பிள்ளைகள் ஐந்து. விரல்விட்டு எண்ணினேன். பன்னிரண்டு! நான் உயிருக்குப் பயந்து மலைக்குப் போகிறேன். இவள் என் செலவில் மாமியார் வீட்டையே மலையேற்றப் பார்க்கிறாள்! அதற்குத்தான் அந்தச் ‘சரிங்க’. அதற்குத்தான் வராந்தாவின் நீளம்.

கண்டுபிடித்ததை வெளியே காட்டவில்லை. சரியான நேரத்தில், அவள் அண்ணன்மார் எதிரிலேயே, “வாங்க மச்சான், எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்று ஒரே வாக்கியத்தில் அவளைத் திகைக்க வைக்கத் திட்டமிட்டேன். வாக்கியத்தைக் கண்ணாடி முன்னால் இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன்.

சாவடிக்குப் போய், இருமல் விவரத்தைச் சொல்லிக் குனிந்து வணங்கி, அனுமதிச் சீட்டில் முத்திரை வாங்கினேன். கிராணி, மனைவி, இரண்டு குழந்தைகள், சுமை தூக்கிகள் பன்னிரண்டு.

“நாளைக்கு எட்டு மணிக்குக் கிளம்பறோம்” என்றேன்.

“எந்த எட்டு?” என்றாள் மங்கம்மா.

நல்ல கேள்விதான். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டான். ஆபீசில் ஜப்பான் மணி. லயத்தில் பழைய மணி.

“ஜப்பான் எட்டு.”

“பழைய ஆறரையா? வியாழக்கிழமை ஏழரை வரைக்கும் எமகண்டம்.”

“ஜப்பான் கணக்குல எமகண்டம் முடிஞ்சிருக்குமே!”

“ஜப்பான்காரன் உங்க கடிகாரத்தைத் தள்ளி வச்சான். எமன் கடிகாரத்தையும் தள்ளி வச்சானா? பெரட்டு முடியட்டும். எல்லாரையும் ஆஜர்னு எழுதிட்டு நிதானமா கிளம்பலாம்.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவது. ஒரு நாளும் என் பெரட்டில் அவள் அக்கறை காட்டியதில்லை. இதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை பேர் கூப்பிட்டு முடித்தேன். எல்லோரும் ஆஜர். மண்டோர் சன்னாசி சுமை தூக்க ஆட்களைப் பிரித்து என் முன்னால் வரிசையாக நிறுத்தினான். முதல் ஆள் நல்லசாமி. எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது ஆளைப் பார்த்தேன். மூன்றாவது ஆளைப் பார்த்தேன். பன்னிரண்டாவது ஆள் வரை பார்த்தேன்.

என் மேசை டிராயரில் பூட்டி வைத்திருக்கும் பட்டியலின் அதே பன்னிரண்டு பேர். ஒருவன் கூடவில்லை, ஒருவன் குறையவில்லை.

“சன்னாசி, இவங்களை யாரு பொறுக்கினது?”

“நாந்தாங்க. திடமான ஆளுங்களா பாத்து.”

“வேற ஆளுங்க இல்லியா?”

“மத்தவங்களுக்கெல்லாம் காச்சலுங்க.”

“இப்பத்தானே எல்லாரும் ஆஜர் சொன்னாங்க?”

“ஆஜர் சொல்லிட்டுத்தான் காச்சல் வந்துச்சு.”

பிள்ளைகள் வண்டியில் ஏறிவிட்டார்கள். லெட்சுமி, “அப்பா, மலை மேல மேகம் தொடலாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் இருமிக்கொண்டிருந்தான். இனிமேல் நிற்க முடியாது. கிளம்பினோம்.

சாவடியில் ஜப்பான் சிப்பாய் சீட்டையும் ஆட்களையும் எண்ணினான். கடைசியில் நல்லசாமியின் தலைமேல் இருந்த தொட்டியைப் பார்த்துச் சிரித்தான். என் முதுகில் தட்டிக்கொடுத்து உள்ளே விட்டான்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பினோம். அங்கேதான் கவனித்தேன். பன்னிரண்டு பேர் இடுப்பிலும் பராங்கத்தி இருந்தது. சுமை தூக்குகிறவனுக்கு எதற்குப் பராங்? அவர்களுக்குத் தெரிந்துவிட்டது! டிராயரைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். நான் அவர்களைக் கைவிட்டுத் தப்பி ஓடுவது தெரிந்துவிட்டது. காட்டில் வைத்துக் கணக்கைத் தீர்க்கப் போகிறார்கள். நான் முன்னால் நடந்தால் முதுகில் விழும். பின்னால் நடந்தால் திரும்பி வந்து வெட்டுவார்கள். ஆகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மங்கம்மாவுக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.

“என்னங்க, இன்னைக்கு இவ்வளவு பாசம்?”

“பாதை வழுக்குது.”

“உங்களுக்கு எல்லாமே வழுக்குது” என்றாள்.

வழி நெடுக நல்லசாமி என் பின்னாலேயே வந்தான். அவன் மூச்சு தொட்டிக்குள் மோதிக் குகையில் புலி உறுமுவதுபோலக் கேட்டது. அப்பாவின் மூச்சும் அன்றைக்கு இப்படித்தான் கேட்டிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு திருப்பத்தில், “ஐயா” என்றான். நான் நின்றுவிட்டேன்.

“செவ்வாக்கெழமை அரிசிக்கு நன்றிங்க. ரெண்டு நாளா எம் பொண்டாட்டிக்குப் பால் நல்லா ஊறுது.”

பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டேன். பராங்கால் வெட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மாலையில் பங்களா வந்தது. வராந்தாவில் சுமைகளை இறக்கினார்கள். எங்கும் மாமியாரைக் காணோம். மச்சான்மாரைக் காணோம். நான் தயாராக வைத்திருந்த வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போனது. ஆட்களோ திரும்பிப் போகிற மாதிரி தெரியவில்லை. ஒருவன் விறகு பொறுக்கப் போனான். இருவர் பராங்கால் மூங்கில் வெட்டி அடுக்களைக்குத் தட்டி கட்டினார்கள். ஒருவன் அம்மியைத் தூக்கி வைத்துத் தண்ணீர் தெளித்தான். மங்கம்மா இரவல் பாய்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

“இவங்க கீழே போகலையா?” என்றேன்.

“எதுக்கு? சயாமுக்கா?”

வராந்தாப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“லெட்டரைப் பாத்தியா?”

“எனக்கு இங்கிலீசா தெரியும்? போன ரெண்டு லாரிக்கு முன்னாலயும் அதே மஞ்சக் கவரு வந்துச்சு. கவரைப் பாத்தேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். போதாதா?”

“பேருங்க? பன்னெண்டு பேரு பேரு?”

“நீங்கதான் சொன்னீங்க.”

“நானா? ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலையே!”

“வாயால சொல்லல. டின்னால சொன்னீங்க. ஆறு வருசமா தலை தட்டாம ஒருத்தனுக்கு அளந்திருப்பீங்களா? அன்னைக்குப் பன்னெண்டு பேருக்குக் கோபுரம் கோபுரமா விழுது. உப்புப் போடும்போதே விரல்ல எண்ணிக்கிட்டேன். அப்புறம் என்ன, ஆளுக்கு ஒரு சுமை வேணும். அதுக்குத்தான் அம்மி.”

பன்னிரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். யாருடைய முகத்திலும் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“சரி” என்றேன். “இனிமே எல்லாரும் இங்கயே இருப்போம். நானும்...”

“நீங்க எப்படி இருப்பீங்க? நாளைக்கு மதியத்துக்குள்ள நீங்க கீழே இருக்கணும்.”

“மங்கம்மா! கிராணியும் வரணும்னு எழுதியிருக்கான்!”

“கிராணி எதுக்கு?”

“ஆளுங்க பேரைப் பதிய.”

“ஆளே இல்லாதப்போ பேரு ஏது? பேரு இல்லாதப்போ கிராணி எதுக்கு? நீங்க இங்க ஒளிஞ்சா, கிராணிதான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடிட்டான்னு சாவடிச் சீட்டைப் பாத்து நேரா இங்கதான் வருவான். நீங்க போயி, கூலிங்க காட்டுக்குள்ள ஓடிட்டாங்கன்னு சொன்னா, தேடி வரமாட்டான். காட்டுல வேற யாரு துப்பாக்கியோட உக்காந்திருக்கான்னு அவனுக்கே பயம்.”

மதராசில் மூன்று வருஷம் தர்க்கம் படித்தவன் நான். எங்கே ஓட்டை என்று தேடினேன். கிடைக்கவில்லை. கடைசியாக ஒன்று கிடைத்தது.

“ஓடிட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்குப் பொய் வராதே.”

“தெரியும். உங்ககூட அதுதானே பெரிய தொந்தரவு” என்றாள். பிறகு ஆட்களின் பக்கம் திரும்பினாள். “எல்லாரும் எந்திரிங்க. அடுக்களைக்குப் பின்னால காடு இருக்கில்ல, அதுக்குள்ள ஓடுங்க. மெதுவா ஓடாதீங்க, நல்லா ஓடணும். கிராணியார் பாக்கணும்.”

பன்னிரண்டு பேரும் ஓடினார்கள். நல்லசாமி எல்லோருக்கும் முன்னால் ஓடினான். லெட்சுமி கைகொட்டிச் சிரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

“ஓடினாங்களா?”

“ஓடினாங்க.”

“ரெண்டு கண்ணாலயும் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“இப்ப அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பாருங்க. திரும்பி வந்தாங்களா இல்லையான்னு உங்களுக்குத் தெரியவேணாம்.”

நான் திரும்பி மலையைப் பார்த்தேன். பின்னால் கிழங்கு வேகும் வாசனை வந்தது. பன்னிரண்டு பேர் மெல்லிய குரலில் சிரிக்கும் சத்தம் கேட்டது. காற்றாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். படியில் இறங்கியவனை மங்கம்மா நிறுத்தினாள்.

“வெறுங்கையோடயா போறீங்க? தொட்டியைத் தூக்கிக்குங்க.”

“தொட்டி எதுக்கு?”

“கீழ் பங்களா சாமான். கிடங்குப் புத்தகத்துல பேரு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? திருப்பி வச்சிடுங்க.”

“அப்புறமா ஒரு ஆளை விட்டு...”

“ஏங்க, யோசிச்சுப் பாருங்க. பி.ஏ. படிச்ச கிராணி தன் தலையில தொட்டியோட வந்தா, கூலிங்க ஓடிட்டாங்கன்னு நீங்க வாயைத் திறந்தே சொல்ல வேணாம். தொட்டியே சொல்லும்.”

தொட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். சும்மாடு கட்டக்கூட எனக்குத் தெரியாது. அதையும் அவள்தான் கட்டிவிட்டாள்.

அந்த இறக்கத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சாவடிச் சிப்பாய் என்னைப் பார்த்து, என் பின்னால் வெறும் பாதையைப் பார்த்து, நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆபீஸ் வாசலை நானும் லாரியும் ஒரே நேரத்தில் அடைந்தோம். அதிகாரி இறங்கினார். கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் மலாயில் கேட்டார், நானும் மலாயில் சொன்னேன்.

“ஆட்கள் எங்கே?”

“காட்டுக்குள் ஓடிவிட்டார்கள்.”

“நீ பார்த்தாயா?”

“இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.”

பளீரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தொட்டி கீழே விழுந்து உருண்டு லயம் பக்கம் போனது. அதிகாரியின் பார்வையும் அதோடு போனது. அப்போதுதான் நானும் பார்த்தேன். லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலைக் கொத்து தொங்கியது. ஓர் ஆணைக்கூட வெளியே காணோம். கோவிலடி வேப்பமரம் மொட்டையாக நின்றது. முத்தாயி மட்டும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

“அது என்ன இலை?”

“வேப்பிலை. வீட்டில் அம்மை கண்டால் எங்கள் ஆட்கள் வாசலில் கட்டும் இலை.”

சத்தியமான பதில். அம்மை கண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அதிகாரி கேட்கவும் இல்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனார். “எத்தனை வீட்டில் கட்டியிருக்கிறது?” என்றார். நான் எண்ணி, “எல்லா வீட்டிலும்” என்றேன். மேலும் நாலடி பின்னால் போனார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். கடிதத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். என் ஆறு வருஷ இல்வாழ்க்கையும் மூன்று வருஷப் படிப்பும் அந்தப் பார்வையில் தொங்கின. ஏதோ சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார்.

“என்ன சொல்கிறார்?” என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன்.

“ஆள் இல்லாமல் கிராணி எதற்கு என்கிறார்.”

லாரி வந்த மாதிரியே வெறும் லாரியாகத் திரும்பிப் போனது. நான் தொட்டியைத் தேடி எடுத்து, கிடங்கில் வைத்து, புத்தகத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘நெளிவு ஒன்று’ என்றும் குறித்தேன். வீட்டுக்குப் போய் நானே கிழங்கு அவித்தேன். தோல் துண்டு துண்டாகத்தான் வந்தது.

மறுநாளும் கிழங்கு. கன்னத்தில் வீக்கம். மலையில் என் பிள்ளைகள் மேகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். கிராமபோன் பாடிக்கொண்டிருக்கும். மலைக்குப் போகத் திட்டம் போட்டவன் நான். படம் வரைந்தவன் நான். முத்திரை வாங்கியவன் நான். தோட்டத்தில் தனியாகக் கிடப்பவனும் நான். இப்படி நொந்துகொண்டிருந்தபோது முத்தாயி வந்தாள். கீரை பறிக்கிற சாக்கில் மலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

“ஐயா, அக்கா சேதி சொல்லி விட்டாங்க.”

“என்ன சொன்னா? நான் எப்படி இருக்கேன்னு கேட்டாளா?”

“கேட்டாங்க. அறை வாங்கினதைச் சொன்னேன். அழுதாங்க. உங்களைப் பாக்கணும் போல இருக்காம். நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கண்டிப்பா மலைக்கு வந்துட்டுப் போகச் சொன்னாங்க.”

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் மனைவி மனைவிதான். சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டேன்.

“வேற எதும் சொன்னாளா?”

“ஆமாங்க. வரும்போது தொட்டியை மறக்காம தூக்கிட்டு வரணுமாம். அது இல்லாம பிள்ளைங்க குளிக்க மாட்டேங்குதுங்களாம்.”